எக்ஸ்ரே சுத்தம், ஆனாலும் நுரையீரலில் இரத்தக்கட்டியா?

வணக்கம். முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து ஓய்வில் இருந்த அம்மாவுக்கு நேற்று திடீரென மூச்சு வாங்கியது, மூச்சை இழுத்தாலே நெஞ்சில் குத்தல். மார்பு எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை. ஆனால் இவ்வளவு மூச்சுத்திணறலுக்கு எக்ஸ்ரே சுத்தமாக இருப்பதுதான் இரத்தக்கட்டிச் சந்தேகத்தைக் கூட்டுகிறது என்கிறார் டாக்டர். எக்ஸ்ரே இரத்தக்கட்டியைக் காட்டாது, நிமோனியா மாதிரி வேறு காரணம் இருக்கிறதா என்று பார்க்கத்தானாம். இரத்தம் உறையாமலிருக்க ஊசி தொடங்கிவிட்டார்கள்.

சிக்கல் என்னவென்றால், அம்மாவுக்குச் சிறுநீரகம் பலவீனம். இரத்தக்கட்டியை உறுதிசெய்ய நுரையீரல் இரத்தக்குழாய்களைப் படமெடுக்கும் சிடி ஆஞ்சியோவுக்கு ஏற்றும் சாய மருந்தை நினைத்தால் பயமாக இருக்கிறது. எக்ஸ்ரே சுத்தமாக இருப்பதால் வி/க்யூ ஸ்கேனும் (நுரையீரலுக்குள் காற்றும் இரத்தமும் சரியாகப் போகிறதா என்று பார்ப்பது) எடுக்கலாமாம். இதே நிலையில் நீங்கள் எதை எடுத்தீர்கள்? டாக்டரிடம் என்னென்ன கேட்க வேண்டும்? தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.