ஹியூ அலெக்சாண்டர் "இரண்டு முறை" சாம்பியனா? உளவுப் படங்களில் செஸ் தகவல் சரியாக இருக்க வேண்டுமா?

சிப்பாய்64:
'தி இமிடேஷன் கேம்' (2014) படத்தை மறுபடி பார்த்தேன். இரண்டாம் உலகப்போரில் பிரிட்டன் எதிரிகளின் சங்கேதங்களை உடைத்த இடமான பிளெட்ச்லி பார்க்கில் ஹியூ அலெக்சாண்டரை அறிமுகப்படுத்தும்போது, தேசிய செஸ் சாம்பியன் என்கிறார்கள். அவர் உடனே "இரண்டு முறை" என்கிறார். கதை நடப்பது 1939. அவர் பிரிட்டிஷ் சாம்பியன் ஆனது 1938-இலும் 1956-இலும். 17 வருடம் கழித்து வாங்கப்போகும் பட்டத்தை இப்போதே கணக்கில் சேர்த்துவிட்டார்கள். எந்த செஸ் புத்தகத்தைப் புரட்டினாலும் தெரிந்துவிடும் தகவல் இது. வாழ்ந்த மனிதரின் பெயரை எடுத்துக்கொண்டவர்கள் இதைச் சரிபார்த்திருக்க வேண்டும்.

இரவுக்காட்சி:
நண்பரே, அந்த இரண்டு சொல் அங்கே செய்யும் வேலையைப் பாருங்கள். படத்தின் நாயகனான கணித மேதை ஆலன் டூரிங்குக்கு எதிரே நிற்பவர் சாதாரண ஆள் இல்லை என்பது செஸ் தெரியாதவருக்கும் ஒரே நொடியில் புரிய வேண்டும், புரிகிறது. 'ஃப்ரம் ரஷ்யா வித் லவ்' (1963) என்ற ஜேம்ஸ் பாண்ட் படத்திலும் இதே கதைதான். வெனிஸ் போட்டியில் வில்லன் கிரான்ஸ்டீன் ஆடுவது, 1960-இல் லெனின்கிராட்டில் சோவியத் ஆட்டக்காரர் ஸ்பாஸ்கி இன்னொரு சோவியத் ஆட்டக்காரரான பிரான்ஸ்டீனைத் தோற்கடித்த ஆட்டம். வெள்ளையின் இரண்டு சிப்பாய்கள் மட்டும் படத்தில் இல்லை. அதனால் காட்சி கெட்டுவிட்டதா? எனக்கு உள்ளதிலேயே சிறந்த செஸ் காட்சி அதுதான்.

சிப்பாய்64:
அந்த இரண்டு சிப்பாய்களும் டி4, சி5 கட்டங்களில் இருந்தவை. அவை இல்லாவிட்டால் கறுப்பு ராணி இ7-இலிருந்து சி5-க்கு வந்து வெள்ளை ராஜாவுக்கு செக் வைக்கலாம். நிஜ ஆட்டத்தில் அந்த வழியே கிடையாது. எதிராளிக்குத் தப்பிக்க இடமில்லை என்று காட்டுவதற்காகவே எடுத்த காட்சியில், தப்பிக்கும் கதவைத் திறந்து வைத்திருக்கிறார்கள். ஆனாலும் அந்தப் படத்தின்மேல் எனக்கு மரியாதை உண்டு. நிஜ ஆட்டத்தைத் தேடி எடுத்திருக்கிறார்கள், கிரான்ஸ்டீனும் கற்பனைப் பாத்திரம். அலெக்சாண்டர் அப்படியில்லையே.

மலைக்கோட்டை வாசகி:
இரண்டு பேரும் சின்ன இடத்தில் நின்றுகொண்டு சண்டை போடுகிறீர்கள். பட்டத்தின் எண்ணிக்கையைவிடப் பெரிய புரட்டு அந்தப் படத்தில் இருக்கிறது.

படத்தில் சங்கேதம் உடைக்கும் குழுவுக்கு முதலில் தலைவராக இருப்பவர் அலெக்சாண்டர். டூரிங் தனியாக சர்ச்சிலுக்குக் கடிதம் எழுதி அந்த இடத்தைப் பிடிக்கிறார். நடந்தது தலைகீழ். டூரிங் 1939 செப்டம்பர் 4 அன்று பிளெட்ச்லிக்கு வந்தார். போர் தொடங்கியபோது அலெக்சாண்டர் அர்ஜென்டினாவில், பியூனஸ் ஐரஸ் செஸ் ஒலிம்பியாடில் இருந்தார். இங்கிலாந்து அணி போட்டியைப் பாதியில் விட்டுவிட்டு ஊர் திரும்பியது. அந்த அணியிலிருந்து மூன்று பேர் பிளெட்ச்லிக்குப் போனார்கள்: அலெக்சாண்டர், மில்னர்-பேரி, கோலம்பெக். அலெக்சாண்டர் சேர்ந்தது 1940-இல், அதுவும் முதலில் ஹட் 6 என்ற பிரிவில்தான். டூரிங்கின் ஹட் 8-க்கு 1941-இல் மாறினார். பின்னால் டூரிங்குக்கு அடுத்து அதன் தலைவரும் ஆனார்.

அந்தக் கடிதமும் தனி மனிதர் எழுதியதில்லை. 1941 அக்டோபர் 21 தேதியிட்ட அதில் டூரிங், அங்கேயே பணியாற்றிய வெல்ச்மன், அலெக்சாண்டர், மில்னர்-பேரி என நான்கு கையெழுத்துகள். ஆள் போதவில்லை, வேலை தேங்குகிறது, உதவுங்கள் என்பதுதான் சாரம். லண்டனுக்கு நேரில் கொண்டுபோய்க் கொடுத்தவர் மில்னர்-பேரி. கையெழுத்துப் போட்ட நால்வரில் இரண்டு பேர் செஸ் ஒலிம்பியாட் ஆடியவர்கள்! கையில் இவ்வளவு நல்ல கதை இருக்கும்போது அதை மறைத்துவிட்டுப் பதவிச் சண்டையைப் புகுத்தியதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

இரவுக்காட்சி:
நால்வரின் கடிதத்தைக் காட்ட நான்கு பேரையும் பார்வையாளருக்குப் பழக்க வேண்டும் அம்மா. இரண்டு மணி நேரத்துக்கும் குறைவான படம், டூரிங்கின் தனிமையைச் சொல்ல வந்தது. அவரை எதிர்க்க ஒருவர் வேண்டும், அந்த இடத்தில் அலெக்சாண்டர் நிற்கிறார். கடைசியில் அவரே டூரிங்குக்காகப் பரிந்து பேசுகிறார். அலெக்சாண்டர் என்ற பெயரைப் பலர் முதன்முதலாகக் கேட்டதே இந்தப் படத்தால்தான்.

சிப்பாய்64:
அப்படியானால் கெயர்ன்கிராஸ் விஷயத்துக்கு என்ன சொல்வீர்கள்? அவர் சோவியத் உளவாளி என்பது வரலாறு. ஆனால் அவர் வேலை செய்தது ஹட் 3-இல். படத்தில் அவரை டூரிங்கின் குழுவிலேயே சேர்த்துவிட்டார்கள். டூரிங் அவரைக் கண்டுபிடிக்கிறார், தன் ஓரினச்சேர்க்கை வெளியே தெரிந்துவிடும் என்ற மிரட்டலுக்குப் பயந்து வாயை மூடிக்கொள்கிறார். தன் நாட்டு அரசாலேயே தண்டிக்கப்பட்டு இறந்த மனிதர்மேல், துரோகியைக் காப்பாற்றினார் என்ற பழியும் ஏறுகிறது. நொடியில் புரிய வேண்டும் என்ற நியாயம் இங்கே செல்லுமா?

இரவுக்காட்சி:
செல்லாது. அந்தக் கிளைக்கதையை நான் ஒருபோதும் ஆதரித்ததில்லை. அது இல்லாமலே படம் நின்றிருக்கும். "இரண்டு முறை" யார் பெயரையும் கெடுக்கவில்லை, அதனால் அது இருக்கட்டும் என்கிறேன். இரண்டையும் ஒரே தராசில் வைக்காதீர்கள்.

சிப்பாய்64:
வைக்கவில்லை. ஆனால் 1938-ஐச் சரிபார்க்கச் சோம்பல்பட்டவர்கள்தான் கெயர்ன்கிராஸ் எந்த ஹட் என்பதையும் அலட்சியம் செய்தார்கள் என்பது என் எண்ணம்.

மலைக்கோட்டை வாசகி:
போருக்குப் பிறகும் அலெக்சாண்டர் சங்கேதம் உடைக்கும் பணியிலேயே இருந்தார். ரகசியம் கருதி அவரை சோவியத் அணி நாடுகளில் ஆடப் போகவிடவில்லை. சோவியத் ஆட்டக்காரர்கள்தான் இங்கிலாந்துக்கு வந்தார்கள். 1953-54 ஹேஸ்டிங்ஸ் போட்டியில் பிரான்ஸ்டீனை 120 நகர்த்தல்களில் வென்றார். ஆம், பின்னால் ஸ்பாஸ்கியிடம் தோற்ற அதே பிரான்ஸ்டீன். இன்னொரு சோவியத் ஆட்டக்காரர் தொலுஷையும் வென்று, பிரான்ஸ்டீனோடு முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டார். இரவுக்காட்சி, இதைப் படமாக்க எந்தப் பொய்யைச் சேர்க்க வேண்டும் என்று சொல்லுங்கள்.