முல்கா அகேசியா இலைப்பேன்: வகைப்பாடும் பரவலும் குறித்து உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டில் முல்கா எனப்படும் அகேசியா மரத்தில் வாழும் டுனாட்டோத்ரிப்ஸ் அனூரே என்னும் இலைப்பேனின் பரவலைத் தொகுத்து வருகிறேன். ஃப்ளியோத்ரிப்பிடே குடும்பத்தைச் சேர்ந்த இப்பூச்சி, அகேசியாவில் கழலை போன்ற வீக்கங்களை உண்டாக்கும் கிளாடோத்ரிப்ஸ் இனங்களைப் போலன்றி, இலையின் வேலையைச் செய்யும் தட்டையான காம்புகளைப் பட்டிழை போன்ற கசிவால் ஒட்டி, அந்த மெல்லிய கூட்டுக்குள் இளம்பூச்சிகளை வளர்க்கிறது.

சிக்கல் இரண்டு இடங்களில் எழுகிறது. கூட்டைப் பறித்துக்கொள்ளும் ஸானியோத்ரிப்ஸ் முல்கா, ஒண்டிக் குடியிருக்கும் அகைனோத்ரிப்ஸ் ஃபிரான்சிசி ஆகிய வேறு இலைப்பேன்களும் அதே கூட்டில் காணப்படுவதால், கூட்டுக்குள் அகப்பட்டதையெல்லாம் அதைக் கட்டியவை என்று பதிவதில் எனக்கு உடன்பாடில்லை. அதைவிடக் கடினமானது மரத்தின் அடையாளம்: முல்கா என்று ஒரே பெயரில் வழங்கியவற்றை 2012-இல் வெளிவந்த திருத்திய வகைப்பாடு பல இனங்களாகப் பிரித்துவிட்டதால், பழைய பதிவுகளில் உள்ள மரம் இன்றைய எந்த இனம் என்பது பல இடங்களில் தெளிவாக இல்லை.

மேற்கு ஆஸ்திரேலியா, குயின்ஸ்லாந்து மாநிலங்களில் எடுத்த மாதிரிகளோ, மரத்தின் காயும் காம்பும் தெளிவாகத் தெரியும் படங்களோ வைத்திருப்பவர்கள், சேகரித்த இடத்தையும் ஆண்டையும் குறிப்பிட்டுப் பகிர வேண்டுகிறேன். கண்ணாடித் தகட்டில் பதித்த முதிர்ந்த பெண் பூச்சி இருந்தால் மிகவும் நல்லது. இளம்பூச்சிகளை மட்டும் வைத்து இனத்தை உறுதிசெய்வது கடினம்.