அப்பாவின் டிரிப் நோட்டில் "க.படி" என்றால் என்ன? பழைய லாரித் தொழிலாளர்களிடம் ஒரு கேள்வி

கேள்வி (மீனாட்சிபுரம், திருநெல்வேலி)

அனைவருக்கும் வணக்கம். என் தந்தை 1971 முதல் 1996 வரை, திருநெல்வேலிச் சந்திப்புக்குப் பக்கத்தில் இயங்கிய ஒரு லாரி நிறுவனத்தில் ஓட்டுநராக இருந்தார். அந்த நிறுவனம் இப்போது இல்லை. முதலாளி குடும்பத்தார் வேறு தொழிலுக்குப் போய்விட்டதால் அதன் பெயரை இங்கே எழுத விரும்பவில்லை. நீல முகப்பும் கதவில் வெள்ளைத் தாமரையும் என்று சொன்னால், அங்கே வேலை பார்த்தவர்களுக்கு அடையாளம் தெரிந்துவிடும்.

2023 டிசம்பரில் தாமிரபரணி பெருகி எங்கள் தெருவுக்குள் புகுந்தபோது, கீழ்த்தளத்தில் இருந்த புத்தகங்களும் படங்களும் பெரும்பாலும் வீணாகிவிட்டன. அப்பாவின் டிரிப் நோட்டுகள் ஆறு மட்டும், பழைய லாரிப் படுதாவின் துண்டு ஒன்றில் சுற்றிக் கயிறு போட்டுக் கட்டப்பட்டிருந்ததால், ஓரம்கூட நனையாமல் கிடைத்தன. அப்பா இறந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. வீட்டில் இருந்த நாள்களில் வேலையைப் பற்றி அவர் அதிகம் பேசியதில்லை, நாங்களும் கேட்டதில்லை. இப்போது படிக்கும்போது சில குறிப்புகள் எனக்கு விளங்கவில்லை.

"செங்." என்று தொடங்கும் நடைகளில் எல்லாம் "க.படி 2" என்று எழுதி, பக்கத்தில் ஓர் ஆளின் முதலெழுத்து இருக்கிறது. நாகர்கோவில், திருவனந்தபுரம் நடைகளில் ஆனி, ஆடி மாதங்களில் மட்டும் "காற்று" என்று எழுதி நேரமும் குறித்திருக்கிறார். முக்கூடல் நடைகளில் "இலை, ஈரம் இல்லை" என்ற வரியும், அதன் கீழே அப்பாவுடையதல்லாத வேறொருவர் கையெழுத்தும் உள்ளன. இவற்றின் பொருள் தெரிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன். அந்த வேலை எப்படி இருந்தது என்பதையும், நினைவில் உள்ளபடி எழுதினால் இன்னும் மகிழ்வேன்.

மறுமொழி 1 (முன்னாள் புக்கிங் எழுத்தர், பாளையங்கோட்டை)

அம்மா, நீங்கள் சொன்ன தாமரையைப் பார்த்தவுடன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். 1974 முதல் அந்த அலுவலகத்தில் ரசீது எழுதியவன் நான். உங்கள் தந்தையின் கையெழுத்தை இன்றும் நூறு கையெழுத்துகளுக்கு நடுவே என்னால் எடுத்துக்கொடுக்க முடியும்.

முதலில் இலையைச் சொல்கிறேன். அது பீடி இலை. மத்தியப் பிரதேசம், ஒரிசா பக்கத்துக் காடுகளில் பறிக்கப்பட்டு, கட்டுக் கட்டாகச் சாக்கில் அடைத்து இங்கே வரும். அதை முக்கூடல், ஆலங்குளம், கடையம் பகுதிகளில் இருந்த பீடிக் கிடங்குகளுக்கு நம் வண்டிகள் கொண்டுபோய் இறக்கும். அந்த இலைக்கு ஈரமும் ஆகாது, அளவுக்கு மீறிய காய்ச்சலும் ஆகாது. காய்ந்தால் நொறுங்கிவிடும், வழியில் மழை நனைத்தால் மூட்டைக்குள்ளேயே பூசணம் பிடித்துக் கறுத்துவிடும். வீட்டில் பீடி சுற்றும் பெண்கள் தேவையான அளவுக்குத் தண்ணீர் தெளித்து, பதம் பார்த்துத்தான் இலை வெட்டுவார்கள். அந்தப் பதத்தை லாரியிலேயே கெடுத்துவிட்டால் கிடங்குக்காரர் வாடகையில் பிடிப்பார், அலுவலகம் ஓட்டுநர் கணக்கில் பிடிக்கும். அதனால்தான் உங்கள் தந்தை கிடங்குக் கணக்கப்பிள்ளையிடம் "ஈரம் இல்லை" என்று கையெழுத்து வாங்காமல் அந்த இடத்தை விட்டு வண்டியை எடுக்கமாட்டார். மற்ற ஓட்டுநர்கள் லாரி ரசீதின் பின்புறத்தில் வாங்குவார்கள். அந்த ரசீது அலுவலகத்துக்கு வந்துவிடும் என்பதால், அவர் தம் நோட்டிலும் ஒன்று வாங்கி வைத்திருக்கிறார்.

நோட்டில் "தா.யூ. 200" என்று அடிக்கடி பார்த்திருப்பீர்கள். 1949-இல் உற்பத்தி தொடங்கிய தாழையூத்துச் சிமெண்ட் ஆலையிலிருந்து 200 மூட்டை ஏற்றியது என்று பொருள். மூட்டைக்கு 50 கிலோ வீதம் சரியாக 10 டன், அந்தக் காலத்து இரண்டு அச்சு வண்டிக்கு அதுவே நிறைந்த பாரம். சணல் சாக்கில் வந்த நாள்களில் சிமெண்ட் தூள் உதிர்ந்து சுமை தூக்குபவர்களின் கழுத்திலும் முதுகிலும் வியர்வையோடு சேர்ந்து புண்ணாக்கும். தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டுதான் அவர்கள் மூட்டைக்கு முதுகு கொடுப்பார்கள். நம் அலுவலகத்தில் யாரும் அதற்குத் துணியோ எண்ணெயோ கொடுத்ததில்லை என்பதை, மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவன் என்ற முறையில் நான் சொல்லியாக வேண்டும்.

"க.படி" எனக்குத் தெரியவில்லை. ஓட்டுநர் படி, கிளீனர் படி, இரவுப் படி ஆகியவற்றுக்குப் பேரேட்டில் தனித்தனித் தலைப்பு உண்டு, நானே எழுதியிருக்கிறேன். அப்படி ஒரு தலைப்பில் அலுவலகம் ஒரு ரூபாயும் கொடுத்ததில்லை.

மறுமொழி 2 (ஓய்வுபெற்ற ஓட்டுநர், வள்ளியூர்)

நான் வேறொரு நிறுவனத்தின் வண்டி ஓட்டியவன். ஆனாலும் "காற்று" என்று எழுதியதற்கு விளக்கம் சொல்ல எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன், ஏனென்றால் அந்தக் காற்றில் முப்பது ஆடி மாதங்கள் நான் வண்டி ஓட்டியிருக்கிறேன்.

தென்மேற்குப் பருவக்காற்று ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக உள்ளே நுழைந்து நம் பக்கம் பாய்கிறது. இன்று முப்பந்தலில் காற்றாலைகள் வரிசையாக நிற்பதற்கும் அதுவே காரணம். தெற்கே போகிற லாரிக்கு வள்ளியூரிலிருந்து காவல்கிணறு வரை அது வலப்பக்க விலாவில் அடிக்கும். காவல்கிணற்றில் மேற்கே திரும்பியதும் நேர் எதிரே வந்து நெஞ்சில் தள்ளும். சிமெண்ட் ஏற்றிய வண்டி கனத்தால் நிலைத்து நிற்கும். வைக்கோல், பஞ்சுப் பொதி, காலிப் பீப்பாய் என்று உயரம் அதிகமாகவும் எடை குறைவாகவும் ஏற்றிய வண்டிதான் ஆடும். படுதாவின் ஒரு மூலை அவிழ்ந்துவிட்டால் காற்று அதற்குள் புகுந்து படகுப் பாய்போல் ஊதிவிடும், பிறகு வண்டியை நேராகப் பிடிப்பதே பெரும்பாடு. பவர் ஸ்டீயரிங் இல்லாத காலம் அது. நாகர்கோவிலில் இறங்கும்போது தோள்பட்டை மரத்துப் போயிருக்கும். நாங்கள் எல்லாரும் காவல்கிணற்றுக்கு முன்பே நிறுத்தி, கயிறுகளை ஒருமுறை இறுக்கி, முன்மூலைகளுக்கு இரட்டை முடிச்சுப் போட்ட பிறகே திரும்புவோம்.

நேரம் ஏன் குறித்தார் என்றால், வாழைத்தார் நடை காரணமாக இருக்கும். களக்காடு, ஏர்வாடிப் பக்கத்து ஏத்தன் தார்களைச் சாயங்காலம் ஏற்றி, தாருக்குத் தார் சருகு வைத்து நிறுத்தி, இரவோடு இரவாகக் களியக்காவிளை சோதனைச்சாவடியைக் கடந்து விடியுமுன் திருவனந்தபுரம் சாலைச் சந்தையில் சேர்க்க வேண்டும். ஏலம் தொடங்கிய பிறகு போனால் தாரின் விலை இறங்கிவிடும். "ஏன் தாமதம்?" என்று கேட்கும்போது, ஓட்டுநர் வழியில் படுத்துத் தூங்கினான் என்றுதான் முதலில் நினைப்பார்கள். காற்றில் எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை மெதுவாகப் போக நேர்ந்தது என்பதை எழுதி வைத்த ஓட்டுநர், தம் பெயரைக் காத்துக்கொள்ளவே எழுதினார். நான் எழுதி வைக்கவில்லை. அதற்காக இரண்டு முறை படி இழந்திருக்கிறேன்.

மறுமொழி 3 (முன்னாள் கிளீனர், பின்னர் ஓட்டுநர், செங்கோட்டை)

எழுத்தர் ஐயாவுக்கு வணக்கம். நீங்கள் எழுதிக் கொடுத்த ரசீதுகளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தவர்களில் நானும் ஒருவன். க.படி என்பது கட்டைப் படி. அது உங்கள் பேரேட்டில் இருக்க வழியில்லை. அந்த இரண்டு ரூபாயை அண்ணாச்சி தம்முடைய படியிலிருந்து எடுத்துக் கிளீனருக்குக் கொடுத்தார்.

மகளே, கட்டை என்றால் என்ன என்று விளக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இப்போது வண்டிக்கு வரும் பையன்களுக்கே அது தெரியவில்லை. புளியரையைத் தாண்டியதும் மலை ஏற்றம் தொடங்கும். எஸ் வளைவு என்று எல்லாரும் சொல்லும் இடம் அங்கேதான் இருக்கிறது. நம் நிறுவனத்தில் அப்போது இருந்தவை பெரும்பாலும் பழைய டாடா வண்டிகள். பென்ஸ் நிறுவனத்தோடு இருந்த கூட்டு 1969-இலேயே முடிந்துவிட்டாலும் நாங்கள் அவற்றைப் பென்ஸ் வண்டி என்றே சொல்வோம். 10 டன் அரிசியோடு முதல் கியரில் வளைவில் ஏறும்போது, எதிரே ஒரு வண்டி வந்து நிற்க நேர்ந்தாலோ, கியர் விழாமல் போனாலோ, வண்டி பின்னால் உருளத் தொடங்கும். கைப் பிரேக் அந்தப் பாரத்தைத் தாங்காது. மலைப் பாதையில் ஏறுகிற வண்டிக்குத்தான் வழிவிட வேண்டும் என்பது விதி, ஆனால் இறங்குகிறவர்கள் எல்லாரும் அதை மதிப்பதில்லை. ஆகவே கிளீனர் அடிவாரத்திலேயே கீழே குதித்து, புளியமரத்தில் ஆப்புப்போலச் செதுக்கிய கட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு, பின்சக்கரத்துக்குப் பக்கத்திலேயே மேலே வரை நடந்து வர வேண்டும். வண்டி நின்ற அந்த நொடியில் கட்டை சக்கரத்துக்கு அடியில் இருக்க வேண்டும். ஒரு நொடி பிந்தினால் வண்டி உருண்டுவிடும்; அவசரப்பட்டுக் கையைச் சேர்த்து வைத்தால் கை போய்விடும். கட்டையில் ஒரு துளை போட்டுக் கயிறு கட்டியிருப்பார்கள், வண்டி மறுபடி நகர்ந்ததும் குனியாமல் இழுத்துக்கொள்வதற்காக. பலகையில் ஒரு தட்டுத் தட்டினால் நிற்கவும், இரண்டு தட்டினால் போகவும் என்று பொருள். மழைக்காலத்தில் அட்டை கடித்த கால்களோடு கோட்டைவாசல் கருப்பசாமி கோயிலுக்கு முன்னால் போய் நிற்கும்போது, அண்ணாச்சி இறங்கிச் சூடம் ஏற்றி, எலுமிச்சம்பழத்தை முன்சக்கரத்தில் வைத்துவிட்டு, அந்த இரண்டு ரூபாயை என் கையில் கொடுப்பார். உடனே நோட்டை எடுத்து எழுதிக்கொள்வார்.

அவர் ஏன் எழுதினார் என்பது எனக்குத் தெரியும். கிளீனர்களான எங்கள் பெயர் ஆள் பதிவேட்டில் ஏறியதே இல்லை. ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் மோட்டார் நிறுவனத்துக்கு 1961-ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் பொருந்தும், நாளுக்கு 8 மணி நேரம்தான் வேலை என்று அதில் இருக்கிறது என அண்ணாச்சி எங்களுக்குப் படித்துக் காட்டினார். 8 மணி நேரத்தில் யார் புனலூர் போய்த் திரும்ப முடியும் என்று நாங்கள் கேட்டோம். "நீ இந்த வண்டியில் வந்தாய் என்பதற்கு எங்கேயாவது ஓர் எழுத்து இருக்க வேண்டாமா?" என்று அவர் சொன்னார். அந்த முதலெழுத்துகள் எங்கள் வருகைப் பதிவு, மகளே.

இறங்கும்போதும் அவர் வழி தனிதான். புனலூரிலிருந்து மரத்தடி ஏற்றி வரும்போது, டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுகிறவர்கள் இருந்தார்கள். எந்தக் கியரில் ஏறினோமோ அந்தக் கியரில்தான் இறங்க வேண்டும் என்பார் அவர். பிரேக் டிரம் கருகிய வாசனை வந்தால் எவ்வளவு நேரமானாலும் நிறுத்தி ஆறவிட்டுத்தான் எடுப்பார். நான் 1985-இல் உரிமம் எடுத்து, முதன்முதலாகத் தனியே மலை இறங்கியபோது அதை அப்படியே செய்தேன்.

கேள்வி கேட்டவர்

உங்கள் மூவருக்கும் என்ன சொல்வது என்றே தெரியவில்லை. இன்று இரவு அம்மாவுக்கு எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். செங்கோட்டை நடை முடிந்து வந்தால் படிப்பணம் ஏன் குறைகிறது என்று பல வருடங்கள் தாம் சண்டை போட்டதாகவும், டீக்கடைப் பாக்கி என்று அப்பா சொல்லிவிடுவார் என்றும் அம்மா சொன்னார்கள்.

செங்கோட்டை ஐயா, நோட்டுகளில் 1979 முதல் 1984 வரை "சு" என்ற எழுத்து 61 இடங்களில் இருக்கிறது. அது நீங்கள்தானா? அதற்கு முன், 1976-இல் "மா" என்று பதினேழு நடைகள் இருக்கின்றன, பிறகு அந்த எழுத்து வரவே இல்லை. கடைசி நடைக்கு எதிரே "கை" என்று மட்டும் எழுதி, அந்த மாதம் முழுவதும் நடை இல்லாவிட்டாலும் வாரம் ஒருமுறை "க.படி 2" என்று குறித்திருக்கிறார்.

மறுமொழி 3-ஐ எழுதியவர்

"சு" நான்தான். "மா" எனக்கு முன்னால் அந்த வண்டியில் இருந்தவர். கட்டை வைக்கும்போது வலக்கை விரல்கள் மூன்று நசுங்கி வேலையை விட்டவர் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். எனக்குக் கட்டை வைக்கக் கற்றுக்கொடுக்கும்போது, அண்ணாச்சி அவரைச் சொல்லித்தான் கற்றுக்கொடுத்தார். இலத்தூர் விலக்குப் பக்கம் அவருடைய தம்பி குடும்பம் இருப்பதாக நினைவு. ஞாயிற்றுக்கிழமை நேரில் போய் விசாரித்துவிட்டு இங்கேயே எழுதுகிறேன். அதற்குள் 1976 நோட்டின் அந்தப் பக்கங்களைப் படம் எடுத்து அனுப்பினால், அவர் இருந்தால் அவரிடமே காட்டுவேன்.

மறுமொழி 1-ஐ எழுதியவர்

அந்தப் பக்கங்கள் எனக்கும் வேண்டும், அம்மா. 1976-இல் அந்த விபத்துக்கு அலுவலகம் கொடுத்தது என்று பேரேட்டில் நான் எழுதிய தொகை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. உங்கள் தந்தை குறித்து வைத்திருப்பதோடு அதைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்.