நரம்பு இவ்வளவு வேகமானது என்றால் கை ஏன் தாமதிக்கிறது?

கேள்வி:
வேகமான நரம்பிழைகளில் செய்தி விநாடிக்கு 100 மீட்டருக்கு மேல் ஓடும் என்று படித்தேன். கண்ணிலிருந்து மூளை, அங்கிருந்து விரல், எல்லாம் சேர்த்தாலும் ஒரு மீட்டர் சொச்சம்தான். 15 மில்லி விநாடியில் வேலை முடிந்திருக்க வேண்டாமா? திரையில் நிறம் மாறியதும் பொத்தானை அழுத்தும் சோதனையில் எனக்கு 250-க்குப் பக்கத்தில்தான் வருகிறது. மீதி நேரம் எங்கே போகிறது? பயிற்சி செய்தால் நரம்பு வேகமாகுமா?

பதில் 1:
கணக்கு சரிதான், ஓட்டத்துக்கு ஆகும் நேரம் கொஞ்சம்தான். முதல் தாமதமே விழித்திரையில். வெளிச்சத்தை மின்செய்தியாக மாற்றுவது வரிசையாக நடக்கும் வேதிவினைகள், அதற்கே பத்துக்கணக்கான மில்லி விநாடிகள் போய்விடும். காதில் அதிர்வு நேராக அயனி வழிகளை (மின்னேற்றத் துகள்கள் செல்லுக்குள் நுழையும் வாசல்களை) திறந்துவிடுவதால் சத்தத்துக்கு நாம் இன்னும் சீக்கிரம் அசைகிறோம். அப்புறம் ஒரு நரம்புசெல் அடுத்ததைச் சந்திக்கும் இடமான ஒவ்வொரு சினாப்ஸிலும் ரசாயனம் இடைவெளியைத் தாண்ட அரை மில்லி விநாடியாவது வேண்டும். அதைவிட முக்கியம், அடுத்த செல் சும்மா கடத்திவிடாது. ஓய்வில் ஏறத்தாழ -70 மில்லிவோல்ட்டில் இருக்கும் அது, பல பக்கமிருந்து வரும் செய்திகள் சேர்ந்து -55 வாக்கில் வந்தால்தான் சோடியம் அயனிகள் உள்ளே பாய்ந்து மின்துடிப்பு கிளம்பும். ‘அழுத்தலாமா’ என்று மூளை முடிவெடுக்கும் இடத்தில் இப்படி எத்தனையோ செல்கள். பெரும்பகுதி நேரம் அங்கேதான் போகிறது. கடைசியில் தசை இறுகவும் நேரம் வேண்டும்.

பதில் 2:
எல்லா நரம்பும் 100 மீட்டர் ஓடாது, அதையும் சொல்லியாக வேண்டும். மயலின் என்ற கொழுப்பு உறை போட்ட தடித்த இழைகளுக்குத்தான் அந்த வேகம், அவற்றில் துடிப்பு உறையின் இடைவெளிக்கு இடைவெளி தாவிப் போகும். உறை இல்லாத மெல்லிய வலி இழைகளில் விநாடிக்கு ஒரு மீட்டர், இரண்டு மீட்டர்தான். கால் விரலை மேசைக் காலில் இடித்துக்கொள்ளும்போது கவனியுங்கள். இடித்தது உடனே தெரியும், சுருக்கென்று ஒரு குத்தல் வரும், அந்த எரிச்சலான வலி மட்டும் ஒரு விநாடி கழித்துத்தான் வந்து சேரும்.

பதில் 3:
பயிற்சி கேட்டீர்களே, வளர்ந்தவர்களுக்கு நரம்பின் ஓட்ட வேகத்தில் பெரிய மாற்றம் எதிர்பார்க்க முடியாது. குறைவது முடிவெடுக்கும் நேரம். ஒரே விளக்கு, ஒரே பொத்தான் என்றால் சீக்கிரம். நான்கு விளக்கு, நான்கு பொத்தான் என்றால் கை தயங்கும், அந்தத் தயக்கத்தைத்தான் பழக்கம் கரைக்கிறது. முழங்காலுக்குக் கீழே தட்டினால் கால் தானாக உதறுமே, மூளையின் முடிவுக்குக் காத்திராத அந்த அனிச்சையில், தட்டிய 20, 30 மில்லி விநாடியில் தொடைத் தசை வேலையைத் தொடங்கிவிடுகிறது! தடகளத்தில் துப்பாக்கிச் சத்தத்துக்கு 100 மில்லி விநாடிக்குள் அசைந்தால் தவறான தொடக்கம் என்பதும், அதற்குள் கேட்டு முடிவெடுத்து அசைய முடியாது என்ற கணக்கில்தான்.

கேள்வி கேட்டவர்:
நன்றி, இப்போது புரிகிறது. சோதனையை நம்பலாமா?

பதில் 3:
திரையும் கணினியும் தங்கள் பங்குக்குத் தாமதம் சேர்க்கும், அதனால் ஸ்கேலே மேல். ஒருவர் ஸ்கேலைத் தொங்கவிட்டுப் பிடிக்கட்டும், பூஜ்யக் கோட்டுக்கு நேராக விரல்களைத் திறந்து வைத்திருங்கள், விட்டதும் பிடியுங்கள். 20 செ.மீ.யில் பிடித்தால் சுமார் 0.2 விநாடி, 30 என்றால் கிட்டத்தட்ட 0.25. விடுபவர் ஒவ்வொரு முறையும் வேறு வேறு நேரம் காக்க வைக்க வேண்டும், இல்லையென்றால் நீங்கள் ஊகித்துப் பிடித்துவிடுவீர்கள்.