மறு: தண்டுவடக் காயம் – தண்டணுவா, குருத்தணுவா?

> 'தண்டணு–தடுப்பான் இணைசிகிச்சை' என்று வைக்கலாமா?

ஐயா, வணக்கம். தண்டுவடக் காயத்துக்கு ஸ்டெம் செல்லையும் ஆன்டிஆக்ஸிடன்டையும் (ஆக்சிஜனேற்றத் தடுப்பான்) சேர்த்துத் தரும் சிகிச்சைக்கு நம் கலைச்சொல் பட்டியலில் என்ன பெயர் வைப்பது என்பதுதானே கேள்வி?

'தண்டணு' வேறு இடங்களில் பரவாயில்லை, இங்கே இடிக்கிறது. 'தண்டுவடக் காயத்துக்குத் தண்டணு' என்றால், தண்டுவடத்திலேயே இருக்கிற அணு போலும் என்றுதான் படிப்பவர் நினைப்பார். போதாக்குறைக்கு, மூலச்சொல்லில் செடியின் தண்டே கிடையாது. 1868-இல் உயிரியலாளர் எர்ன்ஸ்ட் ஹெக்கல் 'ஷ்டாம்ட்ஸெல்ல' என்று ஜெர்மனில் எழுதியபோது அவர் மனத்தில் இருந்தது வம்ச மரத்தின் அடிமரம். எல்லா உயிர்க்கும் மூதாதையான ஓரணு உயிரி. குருத்தணுவே இருக்கட்டும். எதுவாக விரியப்போகிறோம் என்று முடிவாகாத இளமை குருத்தில் இருக்கிறது.

'தடுப்பான்' எனக்கு ஒட்டவில்லை. தண்டுவடத்தில் அடிபட்ட கணத்தோடு சேதம் நிற்பதில்லை. அடுத்து வரும் மணிகளிலும் நாள்களிலும் அழற்சி ஏறும், தனி உறுப்புகள் பெருகும் (ஃப்ரீ ராடிக்கல் என்கிற வினைமிகுந்த வேதியியல் உறுப்பு, கை கால் அல்ல). அவை அணுச்சவ்வின் கொழுப்பைத் தாக்கும். கெட்ட மூலக்கூறு பக்கத்து மூலக்கூறைக் கெடுக்கும். இப்படி ஆக்சிஜனேற்றம் சங்கிலியாக ஓடுகிற இடத்தில்தான் குருத்தணுக்களை நடுகிறார்கள். பெரும்பாலானவை மடிந்துபோகின்றன. தடுப்பான் என்று நாம் சொல்கிற வைட்டமின் ஈ வாசலில் நின்று மறிப்பதில்லை, ஓடுகிற சங்கிலியை நடுவில் முறிக்கிறது. நஞ்சுமுறி போல 'ஆக்சிஜனேற்ற முறி' என்போமே. பழந்தமிழில் முறி என்றால் தளிர். குருத்தோடு அது வந்து சேர்ந்தது தற்செயல்தான்.

'இணை'யும் வேண்டாம். முறி இங்கே துணைதானே? 'முறித்துணைக் குருத்தணு மருத்துவம்'.

---

> வைட்டமின் ஈ ஓடுகிற சங்கிலியை நடுவில் முறிக்கிறது

அது சரி. சூப்பர் ஆக்சைடு டிஸ்மியூட்டேஸ் நொதியை எங்கே வைப்பீர்கள்? சங்கிலி தொடங்குமுன்பே சூப்பர் ஆக்சைடு என்கிற தனி உறுப்பை ஹைட்ரஜன் பெராக்சைடாக மாற்றிவிடுகிறதே, அது தடுப்புதான். மேலும், ஆக்சிஜனேற்றத்தை அடக்கினால் நட்ட அணு மட்டுமா பிழைக்கும்? நோயாளியின் சொந்த நரம்பணுவும் பிழைக்கும். துணை என்று சுருக்குவது நியாயமில்லை.

---

துணையை விட்டுவிடுகிறேன். முறியை விடமாட்டேன், நஞ்சு பரவுமுன் செயலிழக்கச் செய்தாலும் முறித்ததுதான், நொதியும் அதற்குள் அடங்கும். 'குருத்தணு–முறி கூட்டுமருத்துவம்' என்று பட்டியலில் ஏற்றுகிறேன். இந்தக் கூட்டுமுறை பெரும்பாலும் எலிகளில்தான் பார்க்கப்பட்டிருக்கிறது. விளக்கக் குறிப்பில் 'ஆய்வு நிலையில்' என்று போட்டுவிடுங்கள், மருந்து கடைக்கு வந்துவிட்டதாக யாரும் கிளம்பிவிட வேண்டாம்.