சேலைப் போர்வை தைக்கிறேன். வீட்டில் ஆள் குறையவே மாட்டேன் என்கிறது. நீங்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

தல்லாகுளத்துக்காரி:

என் மாமியார் தை மாதம் தவறிவிட்டார். அவருடைய பட்டுச் சேலைகளை நாத்தனார்கள் இருவரும் பிரித்துக்கொண்டார்கள். நூல் சேலைகளை யாரும் கேட்கவில்லை. பெரும்பாலும் சுங்குடி, நடுவே நாலைந்து கண்டாங்கி. துவைத்துத் துவைத்து அப்படியொரு மெதுமெதுப்பு. பழைய துணிக்குப் பாத்திரம் தருகிறவர் தெருவில் கூவிக்கொண்டு போனால் நான் வாசல் பக்கமே போவதில்லை. இந்தச் சேலைகளை வைத்து மூன்று போர்வை கையாலேயே தைப்பது என்று இறங்கிவிட்டேன். நாத்தனார்களுக்கு ஆளுக்கொன்று, எங்களுக்கு ஒன்று. மேலே சுங்குடிக் கட்டங்கள், நடுவில் மாமனாரின் எட்டு முழ வேட்டி, அடியில் ஒரு கண்டாங்கி. பஞ்சு வைக்கவில்லை. மதுரை வெயிலில் பஞ்சுப் போர்வையை யார் போர்த்திக்கொள்வது?

தையல் வந்துவிடுகிறது. வீடுதான் இடம் கொடுக்க மாட்டேன் என்கிறது. ஒரு ஹால், ஒரு ரூம், ஒரு அடுப்படி. மூன்று அடுக்கையும் விரித்து நலுங்காமல் பெரிய ஓட்டுத்தையல் போட வேண்டுமென்றால் ஹால் முழுக்க வேண்டும். விரித்த அன்றே மாட்டுத்தாவணியில் இறங்கி யாராவது போன் பண்ணுவார்கள். பெரியாஸ்பத்திரியில் ஆளைச் சேர்த்திருந்தால் துணைக்கு இருப்பவர்கள் குளிக்கவும் சாப்பிடவும் எங்கள் வீடு. விளக்குத்தூணில் கல்யாண ஜவுளி எடுக்க வந்தால் பையை வைக்க எங்கள் வீடு. சித்திரையில் எதிர்சேவைக்கு முந்தின நாளே கமுதி, அருப்புக்கோட்டை, மானாமதுரை என்று எல்லாரும் வந்துவிடுவார்கள். அழகர் ஆற்றில் இறங்கி, வண்டியூர் போய்த் திரும்புகிற வரைக்கும் எள்ளு விழ இடம் இருக்காது. வரட்டும், அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் விரித்ததைப் பாயோடு சேர்த்துச் சுருட்டி மூலையில் நிறுத்தினால், ராத்திரி படுக்க அந்தப் பாயும் வேண்டியிருக்கிறது!

இதற்கு மேல் இன்னொன்று. போன வாரம் வந்த இளைய நாத்தனார் வெட்டி வைத்த கட்டங்களைப் பார்த்துவிட்டு, "எங்கம்மா சேலையத் துண்டு துண்டாக்கிட்டியே மதினி" என்றார். அவருக்கும் சேர்த்துத்தான் தைக்கிறேன் என்று சொன்னேன். முகம் தெளியவில்லை.

ஆள் வந்து போகிற வீட்டில் பெரிய தையல் எடுத்து முடித்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள். "காலையில் நாலு மணிக்கு எழுந்து தையுங்கள்" என்று மட்டும் சொல்லாதீர்கள். அந்த நேரத்தில் ஹாலில் ஆள் படுத்திருக்கும்.

திருமங்கலத்து அக்கா:

தங்கச்சி, மூன்று அடுக்கையும் முழுசாக விரிக்கிற வேலையே உங்களுக்கு வேண்டாம். கட்டம் கட்டமாகத் தைத்து முடித்து, கடைசியில் சேருங்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் மேல்துணி, வேட்டி, அடித்துணி மூன்றையும் அளவாக வெட்டி, அந்த ஒரு கட்டத்தை மட்டும் மடியில் வைத்துத் தைத்து முடிப்பது. ஓரத்தில் மட்டும் சுற்றிலும் ஒரு அங்குலம் தைக்காமல் விட்டுவிட வேண்டும். எல்லாம் முடிந்த பிறகு மேல்துணியோடு மேல்துணியை மூட்டி, நடுவில் இருக்கும் வேட்டி ஒன்றையொன்று தொடும் அளவுக்கு நறுக்கிவிட்டு, அடித்துணியை மடித்துக் கையால் ஒட்டித் தைத்தால் போதும். ஹால் தேவைப்படுவது அந்தக் கடைசி வேலைக்குத்தான்.

சேலை அகலம் 45 அங்குலம் என்றால் 15 அங்குலச் சதுரம் மூன்று விழும். ஓரத்தில் அரை அங்குலம் தையலுக்குப் போனால் நிற்பது 14. அப்படி நாலுக்கு ஐந்து, 20 கட்டம் வைத்தால் 56க்கு 70 அங்குலம். ஓர் ஆள் போர்த்த அது தாராளம். உள்ளே செருகும் சுற்றும் முந்தியும் நன்றாக இருக்கும். உட்கார்ந்து தேய்ந்த இடத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து ஒதுக்கிவிடுங்கள்.

அப்புறம் நேரம். நான் மணிக்கணக்குப் பார்ப்பதில்லை, நூல் கணக்குத்தான். ஊசியில் ஒரு முழத்துக்கு மேல் நூல் கோக்கக் கூடாது என்பார்கள். நீளமாக இருந்தால் முறுக்கிக்கொள்ளும், துணிக்குள் போய் வந்து நைந்தும் போகும். அந்த ஒரு முழம் தீர்வதற்குள் குக்கர் விசில் வந்துவிடும். ஒரு நூல் முடிந்தால் எழுந்துவிடுவேன். எழும்போது அடுத்த நூலைக் கோத்துக் கட்டத்தில் குத்திவிட்டுத்தான் எழுவேன். திரும்ப வந்து உட்காரும்போது கண்ணாடி தேட வேண்டாம், வெளிச்சம் தேட வேண்டாம். நம் வயதில் பாதி நேரம் ஊசியில் நூல் கோர்ப்பதில்தான் போகிறது. காலை வெளிச்சத்திலேயே ஏழெட்டு ஊசியைக் கோத்து வைத்துக்கொள்ளுங்கள்.

வெட்டுவது, அளப்பது, கோடு போடுவது எல்லாம் வீடு காலியாக இருக்கும்போது. ஆள் இருக்கும்போது போட்ட கோட்டின் மேல் ஓட்டுத்தையல் மட்டும். பேசிக்கொண்டே அளந்து வெட்டினால் துணி போச்சு.

மேலூர் மருமகள்:

அக்கா சொல்வது சரிதான், ஆனால் எங்கள் வீட்டில் கையில் ஊசி இருந்தால் "சும்மாதானே இருக்க, இந்தப் பிள்ளையைக் கொஞ்சம் பாரு" என்று குழந்தையை மடியில் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். மோர்மிளகாய் போடுகிறவளை யாரும் அப்படிச் சொல்வதில்லை. தையல் மட்டும் இவர்களுக்கு வேலை மாதிரியே தெரியாது. அதனால் ஆள் இருந்தால் நான் தைக்க உட்காருவதே இல்லை.

இன்னொன்று, சின்னப் பிள்ளைகள் வரும் வீட்டில் ஊசிக்கு எண்ணிக்கை வேண்டும். கோத்து வைத்த ஊசிகளை எண்ணி ஒரு குங்குமச் சிமிழில் போட்டு மூடுங்கள். பழைய ஸ்பீக்கரில் இருந்து எடுத்த காந்தம் ஒன்று என் கூடையில் கிடக்கும். பாய் விரிப்பதற்கு முன்னால் தரையில் ஓட்டிவிடுவேன்.

ஹூப்ளி டு திருநகர்:

வீட்டுக்காரர் ரயில்வேயில் இருந்ததால் பல வருஷம் வட கர்நாடகத்தில் இருந்தோம். உத்தர கன்னடப் பக்கம் சித்தி சமூகத்துப் பெண்கள் கவண்டி என்று ஒரு போர்வை தைப்பார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களின் வழிவந்தவர்கள் அவர்கள். பழைய துணித் துண்டுகளை ஓரம் மடித்து, ஒரு சேலையின் மேல் வைத்துத் தைத்துக்கொண்டே போவார்கள். விளிம்பில் தொடங்கி, சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருவது அவர்கள் முறை. முதலிலேயே எல்லாக் கட்டத்தையும் வெட்டி அடுக்க வேண்டியதில்லை. அடுத்த துண்டு எது என்று கை போகும்போது முடிவு செய்தால் போதும். கடைசியில் நாலு மூலையிலும் துணியை மடித்துப் பூ மாதிரி வைத்துத் தைப்பார்கள். அதைப் பூல என்பார்கள். பூ இல்லாவிட்டால் போர்வை முடிந்ததாகக் கணக்கில்லை.

உங்கள் மூன்றாவது போர்வைக்கு, அதாவது உங்கள் வீட்டுக்கு வைத்துக்கொள்வதற்கு, இந்த முறையை நினைத்துப் பாருங்கள். மிச்சத் துண்டுகள் எல்லாம் போய்விடும்.

நாத்தனார் விஷயத்துக்கு வருகிறேன். அவர் கேட்டது துணியைப் பற்றியா? அம்மா இறந்து வருஷம் திரும்பவில்லை. அவர் கையிலேயே ஒரு கட்டத்தைக் கொடுங்கள். எந்தச் சேலை எப்போது எடுத்தது என்று அவருக்குத்தான் தெரியும். ஓட்டுத்தையல் தெரியாத பெண் யார் இருக்கிறார்கள்? கோணலாகத்தான் போடுவார், போடட்டும். அவர் போன பிறகு உட்கார்ந்து பிரிக்காதீர்கள். ஒரே ஒரு எச்சரிக்கை: விளக்கு வைத்த பிறகு ஊசியை நீட்டாதீர்கள், உங்கள் நாத்தனார் நம்புகிறாரோ இல்லையோ, கூட வருகிற பெரியவர்கள் யாராவது சொல்லிக் காட்டுவார்கள்.

பழைய புதுமண்டபத்துத் தையல்காரர்:

புதுமண்டபத்துத் தூண்களுக்கு நடுவே நாங்கள் எல்லாம் மெஷின் போட்டிருந்த காலத்தில் என் இடம் நாலடிக்கு மூன்றடி. அதற்குள் சாமிக்குக் குடையும் தைத்தோம், ஆளுக்குச் சட்டையும் தைத்தோம். இடம் இல்லை என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்பு வரும், தப்பாக நினைக்காதீர்கள் தாயி.

மேலே அக்கா சொன்ன கட்டமுறை நல்லது. கட்டங்களை மூட்டும்போது மேல்துணியை மட்டும் மெஷினில் ஓட்டிவிடுங்கள். கையால் தைத்த போர்வை என்ற பெயர் ஒன்றும் கெட்டுப்போகாது. இழுபடும் இடம் அதுதான், கைத்தையல் அங்கே முதலில் விட்டுவிடும்.

துணி விஷயம் யாரும் சொல்லவில்லை. உங்கள் மாமியார் காலத்து ஆட்கள் கஞ்சி போடாமல் சேலை கட்ட மாட்டார்கள். அந்தக் கஞ்சி போகும்படி வெந்நீரில் ஊறவைத்து நன்றாக அலசுங்கள். கஞ்சி இருந்தால் ஊசி ஏறாது. மடித்து வைத்தால் ராமபாணப் பூச்சி அந்தக் கஞ்சிக்காகவே வரும். சிவப்பு, கருநீலம், அரக்கு நிறச் சுங்குடியை வெட்டுவதற்கு முன்னால் தனித்தனியாக நனைத்து, வெள்ளைத் துணியை வைத்து அழுத்திப் பாருங்கள். சாயம் ஒட்டினால், தண்ணீர் தெளிகிற வரைக்கும் மறுபடி மறுபடி அலச வேண்டும். இல்லாவிட்டால் முதல் துவையலில் நடுவில் இருக்கும் வேட்டி நிறம் மாறி மேலே தெரியும்.

வரிசைக்கும் வரிசைக்கும் ஒரு விரல் அகலம் விட்டால் போதும். நெருக்கிப் போட்டால் போர்வை விறைத்துக்கொள்ளும், மூன்று போர்வை மூன்று வருஷம் ஆகும்.

தல்லாகுளத்துக்காரி:

எல்லாருக்கும் நன்றி. கட்டமுறைக்கு மாறிவிட்டேன். ஏற்கெனவே விரித்து ஓட்டுத்தையல் போட்டதைப் பிரிக்க மனசில்லாமல் இருந்தது, பிரித்தாகிவிட்டது. இப்போது ஒரு மஞ்சப்பையில் வெட்டிய கட்டங்கள், இன்னொன்றில் தைத்து முடித்தவை. இரண்டு பையும் பீரோ கைப்பிடியில் தொங்குகின்றன. நேற்று கமுதியிலிருந்து சின்ன மாமனாரும் மாமியாரும் ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தார்கள். அவர்களுக்குச் சோறு போட்டு, பேசி, அனுப்பிவிட்டு வந்ததில் இரண்டு நூல் ஓடியிருந்தது. பரவாயில்லை என்று தோன்றுகிறது. மேலூர் தங்கச்சி சொன்னதும் நடந்தது: ஒரு பேரன் மடிக்கு வந்துவிட்டான்.

நாத்தனார் அடுத்த முறை வரும்போது அவரிடம் கட்டத்தைக் கொடுக்கலாம் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் பச்சைச் சுங்குடியை வெட்டாமல் அப்படியே எடுத்து வைத்துவிட்டேன். அழகர் பச்சைப்பட்டு உடுத்தி இறங்கினால் அந்த வருஷம் விளைச்சல் என்று மாமியார் சொல்லிக்கொண்டே அதைத்தான் ஒவ்வொரு சித்திரைக்கும் கட்டிக்கொண்டு ஆற்றுக்குப் போவார். அதை இளைய நாத்தனாருக்கு முழுச் சேலையாகவே கொடுத்துவிடப் போகிறேன். மூத்தவருக்குத் தெரிந்தால் என்ன சொல்வாரோ, அதை அப்போது பார்த்துக்கொள்கிறேன்.

தையல்கார அண்ணனிடம் ஒன்று கேட்க வேண்டும். சில சுங்குடிகளில் ஜரிகைக் கரை இருக்கிறது. பார்க்க அழகாக இருப்பதால் சுற்றிலும் ஓரமாக வைத்துத் தைக்கலாமா?

பழைய புதுமண்டபத்துத் தையல்காரர்:

வேண்டாம் தாயி. பழைய ஜரிகை பிரிந்து பிரிந்து வரும், தூங்குகிறவர் கழுத்தில் குத்தும், பக்கத்து நூலையும் அறுக்கும். கரையை முழுசாக வெட்டி எடுத்துத் தலையணை உறைக்கு வைத்துக்கொள்ளுங்கள். போர்வை ஓரத்துக்கு அடியில் வைக்கும் கண்டாங்கியிலிருந்தே இரண்டரை அங்குலப் பட்டை வெட்டி, இரண்டாக மடித்து வைத்துத் தையுங்கள். ஓரம்தான் முதலில் கிழியும், மடித்துப் போட்டால் இரட்டையாக நிற்கும்.