ஆறு வாரமாக “விரைவில் சரிசெய்வோம்” என்கிறார்கள். கில்டை (கேமில் சேர்ந்து ஆடும் எங்கள் குழுவை) இருக்கச் சொல்லவா, கிளம்பச் சொல்லவா?

திண்டுக்கல்_வில்லாளி:
மூன்று வருடமாக மொபைலில் ஒரு கில்ட் கேம் ஆடுகிறேன். பெயர் வேண்டாம். கில்டில் முப்பது பேர். அதில் நர்ஸ் அக்கா ஒருவர் இருக்கிறார். நைட் டியூட்டி முடித்து பஸ்ஸில் வரும்போதே எங்களுக்காக மூன்று சண்டை போட்டுவிட்டுத்தான் தூங்கப் போவார்.

ஆறு வாரத்துக்கு முன் கேமுக்கு ஒரு பேட்ச், அதாவது சின்ன அப்டேட் வந்தது. அதற்கப்புறம் கில்ட் போரில் ஜெயித்தாலும் எங்களுக்குப் புள்ளி ஏறுவதில்லை. வெற்றித் திரை வருகிறது, பெட்டி திறக்கிறது, உள்ளே போய்ப் பார்த்தால் பழைய எண்ணே நிற்கிறது. எத்தனை முறை எழுதினாலும் ஒரே பதில்: ஆராய்ந்து வருகிறோம், விரைவில் சரிசெய்வோம், உங்கள் பொறுமைக்கு நன்றி.

நேற்று அறிவிப்பு வந்ததும் ஆசையாகத் திறந்தேன். புது வீராங்கனை, புது உடை, விலை 799 ரூபாய். புள்ளியைப் பற்றி ஒரு வரி இல்லை. “இனிமேல் வரல தம்பி” என்று அக்கா சொல்லிவிட்டார். மற்றவர்களுக்கு நான் என்ன சொல்வது?

கடலோரக்_குதிரை:
கிளம்புங்கள். உடை விற்கத் தெரிந்தவர்களுக்கு ஒரு வரி எழுதத் தெரியாதா?

பழைய_சர்வர்:
தம்பி, நான் சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் இருப்பவன், கேம் கம்பெனி இல்லை. தேதி சொல்லாததை நான் குற்றமாக எடுக்கமாட்டேன். சில கில்டுகளுக்கு மட்டும் வரும் கோளாறு என்றால், அதைத் தங்கள் இடத்தில் ஒருமுறை வரவழைத்துப் பார்ப்பதற்கே நாள் பிடிக்கும். காரணம் தெரிந்தபிறகும் போன புள்ளியைத் திரும்பப் போடுவது தனி வேலை. சர்வரைப் பழைய பேக்கப்புக்குத் திருப்பினால் இடையில் மற்றவர்கள் சம்பாதித்ததெல்லாம் போய்விடும். ஆனால் இதை அவர்கள் உங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும். நான் சொல்லித் தெரியும்படி விட்டதுதான் எனக்குக் கோபம்.

மாதக் கட்டணம் கட்டி ஆடும் ஆன்லைன் கேம் ஃபைனல் ஃபேண்டசி 14-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 2021 டிசம்பரில் எண்ட்வாக்கர் என்ற அதன் புதுப் பாகம் வந்தபோது கூட்டம் தாங்காமல் மணிக்கணக்கில் வரிசை. பலரை 2002 என்ற பிழை வெளியே தள்ளியது. இயக்குநர் நவோகி யோஷிடா அந்த எண்ணையே எடுத்து விளக்கி எழுதினார்: ஒரு டேட்டா சென்டரின் வரிசையில் 17,000 பேருக்கு மேல் போனால் இது வரும், சிப் தட்டுப்பாட்டால் புது சர்வர் வாங்க முடியவில்லை என்று. ஆடும் நாட்களை முதலில் 7, பிறகு 14 எனக் கட்டணமில்லாமல் கூட்டினார்கள். இன்னொன்றும் செய்தார்கள். இருக்கிறவர்களுக்கே இடம் இல்லாதபோது புதியவர்களை ஏற்றக்கூடாது என்று கேம் விற்பனையையே நிறுத்திவைத்தார்கள். மறுபடி விற்றது 2022 ஜனவரி 25-இல். வரிசை அதற்காக உடனே குறைந்துவிடவில்லை. ஆனால் எதற்காக நிற்கிறோம் என்று நின்றவனுக்குத் தெரிந்தது. உங்களுக்கு வந்த 799 ரூபாய் அறிவிப்பை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

மூன்றாம்_நிலா:
அண்ணா சொல்வதில் எனக்கு முழுச் சம்மதம் இல்லை. நோ மேன்ஸ் ஸ்கை என்ற விண்வெளி கேம் 2016 ஆகஸ்டில் வந்து, சொன்னதெல்லாம் இல்லை என்று திட்டு வாங்கியது. அந்தக் குழு மாதக்கணக்கில் வாயே திறக்கவில்லை. நவம்பரில் பெரிய அப்டேட்டோடு வந்தார்கள், 2018 ஜூலையில் பலர் சேர்ந்து ஆடும் முழு மல்டிபிளேயர் கொடுத்தார்கள், எதற்கும் தனியாகக் காசு வாங்கவில்லை. ஆந்தம் என்ற ஆன்லைன் கேம் நேர்மாறு. 2020 பிப்ரவரியில் கேமையே திருத்தி அமைப்போம் என்றார்கள், நடுவில் படங்களோடு விளக்கமும் எழுதினார்கள், 2021 பிப்ரவரியில் கைவிட்டார்கள். பேச்சை மட்டும் வைத்து யாரை நம்புவது?

பழைய_சர்வர்:
நியாயம்தான். ஆனாலும் ஆந்தம்காரர்கள் கைவிட்டதையாவது வெளிப்படையாகச் சொன்னார்கள். அன்றோடு அதற்காகக் காத்திருப்பது முடிந்து, ஆட்கள் வேறு வேலை பார்க்கப் போனார்கள். வில்லாளி தம்பிக்கு அதுகூடக் கிடைக்கவில்லையே. தம்பி, கடைசியாக ஒருமுறை கேளுங்கள். போர் நடந்த தேதி, நேரம், யாருடன், முன்னும் பின்னும் புள்ளி, ஸ்கிரீன்ஷாட் எல்லாம் வைத்து எழுதுங்கள். எப்போது சரியாகும் என்று கேட்காதீர்கள். காரணம் தெரிந்துவிட்டதா, போன புள்ளி திரும்ப வருமா, அடுத்த தகவல் என்றைக்கு, இந்த மூன்றையும் கேளுங்கள்.

திண்டுக்கல்_வில்லாளி:
நன்றி அண்ணா. பதினோரு போர்களின் விவரத்தைச் சேர்த்து இப்போதுதான் அனுப்பினேன். நான்கு போர்களுக்கான ஸ்கிரீன்ஷாட் அக்காவின் போனில்தான் இருந்தது. கேட்டதும் பஸ்ஸிலிருந்தே அனுப்பினார். இந்த சீசன் முடிய ஒன்பது நாள் இருக்கிறது. அதற்குள் மூன்றில் ஒன்றுக்காவது பதில் வந்தால் இருப்போம், இல்லையென்றால் முப்பது பேரும் சேர்ந்தே வேறு கேமுக்குப் போகிறோம் என்று கில்டில் எழுதிவிட்டேன்.